கடைசிக் கார்

வீடியோ விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிப்பில் இருந்த ஏளனம் நியாயமானதுதான். நம்மிடம் கவிதை விமர்சனமே இன்னும் மதிப்புரைக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே கிடந்து தடுமாறுகிறது. இதில் கார்ப் பந்தயம் ஒன்றுதான் குறைச்சலா? ஆனால் சினிமாவைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் எழுதத் தொடங்கியபோதும் இதே சிரிப்பு சிரிக்கப்பட்டது. ஒரு சாதனம் மட்டமானதா என்பதை அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல முடியும். தெருவில் நின்றபடியே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவருக்கு ஆசாரம் இருக்கலாம்; விமர்சனப் பிரக்ஞை இருப்பதாக நான் நம்பவில்லை.

நான் உள்ளே போனது ஆராய்ச்சி நோக்கத்தோடு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012ஆம் வருஷம். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருக்கவில்லை. திண்டுக்கல் நாகல்நகரில் வாடகை வீட்டு மாடியறை. மொழிபெயர்ப்புகளைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வீட்டில் காரணம் சொல்லித் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அதில் மொழிபெயர்ப்பு எதுவும் நடக்கவில்லை. 'எஃப் ஒன் 2011' என்ற விளையாட்டு நடந்தது. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்டது. அந்த வருஷத்து ஃபார்முலா ஒன் பந்தயங்கள் அத்தனையையும், 12 அணிகளையும், 24 கார்களையும், 24 ஓட்டுநர்களின் பெயர்களையும் உரிமம் பெற்று உள்ளே வைத்திருந்தது. அந்த 24 பேரில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். நான் அதை வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

நரேன் கார்த்திகேயனைப் பற்றி நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். 1977இல் பிறந்தவர். கோவையில் இந்தப் பைத்தியம் ஒரு தலைமுறைக்கு முன்பே தொற்றியிருந்தது. அவர் தந்தையே ராலி ஓட்டியவர். கரிவரதன் என்ற மில் முதலாளி பந்தயக் கார்களைத் தானே கட்டி இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோன அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்தில் ஓடுபாதை இருக்கிறது. சென்னைப் பக்கம் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத்தளத்தில், ரொம்ப காலம் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டை வந்தது. இந்தச் சின்ன உலகத்திலிருந்து கிளம்பி 2005இல் ஜோர்டான் அணியில் இடம்பிடித்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர்த் தகராறு காரணமாக 14 கார்கள் விலகிக்கொள்ள, மிஞ்சிய 6 கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான். பிறகு 2011இல் எச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணியில் திரும்பி வந்தார். காசில்லாத அணி. அந்த வருஷத்து முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில், தகுதிச்சுற்றில் முதல்வனின் நேரத்தைப்போல 107 சதவீதத்துக்குள் வர முடியாமல் அதன் இரண்டு கார்களும் பந்தயத்தில் கலந்துகொள்ளவே அனுமதிக்கப்படவில்லை. ஆக, உலகத்தின் மிக வேகமான 24 கார்களில் மிக மெதுவானதொன்று நம்மவருடையது.

இந்த விளையாட்டின் முதல் விசேஷம் அது வெளிவந்த தேதியிலேயே இருக்கிறது. நிஜத்தில் 2011 ஜூலையில், பிரிட்டிஷ் பந்தயத்துக்கு முன்பாக, நரேனின் இருக்கை டேனியல் ரிக்கியார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞருக்குப் போய்விட்டது. வருஷ ஆரம்பத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு செய்யப்பட்டதால் செப்டம்பரில் வந்த விளையாட்டுக்கு இது தெரியாது. அதற்குள் அவர் நீக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் ஓட்டுகிறார், மொனாக்கோவில் ஓட்டுகிறார், பிரேஸில்வரை ஓட்டுகிறார். இந்தியப் பந்தயத்திலும் இதே தலைகீழ்த்தன்மைதான். கிரேட்டர் நொய்டாவின் புத்தா ஓடுபாதை 2011 அக்டோபர் 18ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. முதல் பந்தயம் அக்டோபர் 30. விளையாட்டு அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டது. ஒரு பந்தயமும் நடந்திராத ஒரு பாதையை வரைபடங்களை வைத்தே கட்டி, அதில் எத்தனையோ பேரை ஓடவிட்டுவிட்டது. யதார்த்தத்தைப் பிரதிபலிப்பது என்று நாம் ஓயாமல் பேசுகிறோமே, அந்தக் கண்ணாடி முகத்துக்கு முன்பாகவே வந்துவிட்டால் என்ன பெயர் வைப்பது?

சரி, சரக்கு எப்படி?

தத்ரூபம் என்ற சொல்லை இந்த விளையாட்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் உபயோகித்துவிட்டார்கள். புற்களும் விளம்பரப் பலகைகளும் நிழல்களும் தத்ரூபம். இருக்கட்டும். காலண்டர்ப் படம்கூடத் தத்ரூபம்தான். என்னைக் கவர்ந்தது வேறு: மழை. பாதை நனைகிறது, டயர் பிடி இழக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை. மழை விட்டபின் பாதை காயும் விதத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கார்கள் ஒரே தடத்தில் போய்ப் போய் அந்தத் தடம் மட்டும் முதலில் காய்கிறது. அதிலிருந்து ஒரு முழம் விலகினால் ஈரம். முந்த வேண்டுமானால் ஈரத்துக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். எல்லாரும் போன வழி பத்திரமானது, ஆனால் அதிலேயே போனால் கடைசிவரை இருக்கிற இடத்தில்தான் இருப்பாய். இதை வசனமாகச் சொல்லாமல் கைக்கே தெரியவைக்கிறது. நம் நாவல்களில் எத்தனைக்கு இந்த அடக்கம் உண்டு? அடுத்த வருஷத்துப் பதிப்பான எஃப் ஒன் 2012இல் ஓடுபாதையின் ஒரு பக்கம் மட்டும் மழை பெய்கிற வித்தையையும் சேர்த்தார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அதை அதிசயமாக எழுதின. சிறுமலைமேல் கறுத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது நாகல்நகரில் புழுதி பறப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதையா இவ்வளவு நாள் விட்டுவைத்தார்கள் என்றுதான் தோன்றியது.

இரண்டாவது சிறப்பு, அதைச் செய்தவர்களே உணராதது என்று நினைக்கிறேன். மெதுவான காரை மெதுவான காராகவே வைத்திருக்கிறார்கள். எச்.ஆர்.டி. காரில் உட்கார்ந்து, கடினத்தை உச்சத்தில் வைத்து, தானியங்கி உதவிகளையெல்லாம் அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. வேகமெடுக்கும்போது பின்பக்கம் நழுவும். புத்தாவின் மூன்றாம் வளைவு ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. அதிலிருந்து வெளிவந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. அந்த நேர்ப்பாதையில் ரெட் புல் கார் பின்கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்து, நாலாம் வளைவு வருவதற்குள் நம்மைக் கடந்து போய்விடும். நீலக்கொடி காட்டுவார்கள். ஒரு சுற்று முன்னால் இருப்பவன் வருகிறான், ஒதுங்கு என்று அர்த்தம். ஒதுங்காவிட்டால் எச்சரிக்கை, பிடிவாதம் பிடித்தால் தண்டனை. ஆக, கடைசிக் காரில் இருப்பவனுக்கு இது ஒரே சமயத்தில் இரண்டு வேலை. பின்னால் வருகிற பெரியவர்களுக்கு வழிவிட வேண்டும். வழிவிடுகிற அந்தச் சில விநாடிகளில், தன்னைப்போலவே கடைசியில் கிடக்கிற வர்ஜின் அணிக் காரிடம் இடம் இழந்துவிடக்கூடாது. எங்கே ஒதுங்குவது, எந்த வளைவுக்கு முன் விடுவது, விட்ட கையோடு எப்படி மறுபடி தடத்துக்கு வருவது என்பது ஒரு முழு சாஸ்திரம். முன்வரிசைக்காரனுக்கு இந்த சாஸ்திரம் தெரியாது. அவனுக்கு வேண்டியதில்லை.

இதை ஓட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கவுண்டர் ஞாபகம் வந்தது என்று சொன்னால், வங்கி எழுத்தன் எதைப் பார்த்தாலும் கவுண்டரைத்தான் பார்ப்பான் என்பீர்கள். இருக்கலாம்.

இனிக் குறைகள். முதல் குறை அடிப்படையானது. கடினத்தை 'எளிது' என்று வைத்தால் எச்.ஆர்.டி. கார் வெற்றிபெறும். வாங்கிய முதல் வாரமே நான் நரேனாக இருந்து இந்தியப் பந்தயத்தை வென்றேன். வெட்டலை அரைச் சுற்றுக்கு மேல் பின்தள்ளி வென்றேன். ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். முதல் அரை நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. பிறகு ஒரு வாடை. வாரப்பத்திரிகைத் தொடர்கதையில் ஏழை எழுத்தாளனுக்குக் கடைசி அத்தியாயத்தில் பரிசு கிடைக்கும்போது வீசுகிற அதே வாடை. கார் மாறவில்லை, எதிரிகள் மெதுவாக்கப்பட்டிருக்கிறார்கள். வாசகனின் ஆசைக்காக உலகத்தின் எடையைக் குறைத்துக் கொடுப்பதுதான் வணிக எழுத்து என்றால், இங்கே அது ஒரு பொத்தானாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒளிவுமறைவு இல்லை என்ற அளவில் நம் தொடர்கதை ஆசிரியர்களைவிட நாணயமானவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

'கேரியர்' என்ற பகுதி இன்னும் மோசம். பெயரில்லாத புதியவனாக நீங்கள் கடைநிலை அணி ஒன்றில் சேருகிறீர்கள். நன்றாக ஓட்டினால் மின்னஞ்சல் வருகிறது, மேல் அணி அழைக்கிறது, அடுத்த வருஷம் இன்னும் மேலே. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் என் சகாக்களுக்கு இதை சிபாரிசு செய்யலாம். ஒரு அணிக்கு இரண்டே இருக்கைகள். நீங்கள் உள்ளே வர வேண்டுமானால் அங்கே இருப்பவர் ஒருவர் போக வேண்டும். எச்.ஆர்.டி.யில் சேர்ந்தால் அந்த ஒருவர் நரேனாக இருக்கலாம். அவர் எங்கே போகிறார் என்று விளையாட்டு சொல்வதில்லை. அதற்கு அதில் அக்கறையில்லை. கடைசி இடம் என்பது அதன் பார்வையில் வாழ்கிற இடம் அல்ல, ஏணியின் கீழ்ப்படி. மழையையும் டயரையும் அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், மனுஷன் விஷயத்துக்கு வந்ததும் இவ்வளவு தட்டையாகிவிடுகிறது. 24 பேருக்கும் ஹெல்மெட் உண்டு, முகம் இல்லை. பந்தயம் முடிந்தால் வெற்றி மேடைகூடக் கிடையாது. ரேடியோவில் பேசும் எஞ்சினியர் எந்த அணியிலும் ஒரே ஆங்கிலேயக் குரல்தான். ஸ்பானிய அணியில் உட்கார்ந்திருக்கும் கோவைக்காரனுக்கும் அதே குரல்.

மூன்றாவது, நாய். 2011 அக்டோபர் 28ஆம் தேதி, புத்தா பாதையின் முதல் பயிற்சி ஓட்டத்தில் தெருநாய் ஒன்று பாதைக்குள் ஓடிவந்து, சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. நம் தேசபக்தர்கள் கூசினார்கள். எனக்கோ அந்த நாய்தான் அந்தப் பந்தயத்திலேயே உயிருள்ள விஷயமாகப் பட்டது. விளையாட்டின் புத்தாவில் நாய் இல்லை. நாயை வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது வெறும் தமாஷாகிவிடும். திட்டத்துக்கு வெளியேயிருந்து ஒன்று வந்து நுழைவதற்கான சாத்தியமே அதன் அமைப்பில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். மழை உண்டு, ஆனால் மழையும் எண்ணிக்கைக்குள் அடங்கிய மழை. நிஜத்தில் 2012 மலேசியாவில் என்ன நடந்தது? பேய்மழை. எச்.ஆர்.டி. அணி தொடக்கத்திலேயே கனமழை டயரைப் போட்டிருந்தது. பந்தயத்தைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியபோது நரேன் 10ஆம் இடத்தில் இருந்தார். உலகின் கடைசிக் கார் 10ஆம் இடத்தில். மறுபடி தொடங்கியபின் பட்டனோடு ஒரு உரசல், பிறகு வெட்டலோடு ஒன்று. வெட்டல் விரலைக் காட்டிவிட்டுப் போய், நரேனை வெள்ளரிக்காய் என்று ஜெர்மன் டிவிக்குச் சொன்னார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தார்கள். நீலக்கொடி சாஸ்திரத்தின் மறுபக்கம் இது. வழிவிடுவதில் ஒரு அரைமுழம் பிசகினால் பெரியவன் என்ன மொழியில் பேசுவான் என்பது. விளையாட்டில் முந்திப் போகிறவன் நம்மை இடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்குள் பல வருஷம் தீராத சச்சரவு. 'ஃப்ளாஷ்பேக்' என்று ஒரு வசதி. வளைவில் தவறி மோதிவிட்டால் ஒரு பொத்தானை அழுத்திச் சில விநாடிகள் பின்னால் போகலாம். கார் பின்னோக்கி ஓடுகிறது, உடைந்த இறக்கை ஒட்டிக்கொள்கிறது, மறுபடி அதே வளைவு. ஒரு பந்தயத்துக்குச் சில தடவைதான் என்று கணக்கு உண்டு. வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். ஆனாலும் இருக்கிறது என்பது தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் நான் இப்படி எழுதினேன்: நடந்ததை நடக்காததாக்க இடம் தருகிற எந்த வடிவமும் துயரத்தை அறியாது, துயரத்தை அறியாதது கலையாகாது. அப்போது என் மனதில் இருந்தது இந்த விளையாட்டுதான், பெயர் சொல்லவில்லை. எதிரே நிறுத்திப் பார்த்தது 'வாடிவாசல்'. இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் எழுதியது. தமிழில் ஒரு போட்டியை மட்டுமே பொருளாகக்கொண்டு, உபதேசத்துக்கு ஒதுங்காமல் எழுதப்பட்ட உரைநடை அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளையைப் பிச்சி அணைகிறான். அணைந்த பின்னும் முடியவில்லை. அடங்கிப்போன காளையை ஜமீந்தார் சுட்டுவிடுகிறார். பிச்சிக்குக் காளைமேல் பகை மட்டுமல்ல, அதன் சுபாவம் முழுக்கத் தெரியும். ஒவ்வொரு கணமும் திரும்பாது என்பதால்தான் அங்கே அசைவுக்கு அசைவு நமக்கு மூச்சு முட்டுகிறது. ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் காரி வெறும் மாடு.

இந்த வாதத்தில் இப்போதும் எனக்குப் பெரிய தகராறு இல்லை. ஆனால் அதை எழுதும்போது நான் ஒரு விஷயத்தை மறைத்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2012இல் தமிழ்நாட்டில் மின்சாரம் இருந்த லட்சணம் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெட்டு சர்வசாதாரணம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். பூட்டுப் பட்டறைகளும் நூற்பாலைகளும் நின்று நின்று ஓடின. புத்தா பாதையின் முழுப் பந்தயம் 60 சுற்று. சுற்றுக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எச்.ஆர்.டி. காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் நிறுத்திச் சேமித்துவைக்க அந்தப் பதிப்பில் வழியில்லை. என் யூ.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும். ஆக, நான் இருந்த ஊரில், அந்த வருஷத்தில், அந்தப் பந்தயத்தை ஓட்டி முடிப்பது ஏறக்குறைய சாத்தியமில்லாத காரியம். இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட பின்தான் எனக்கு முழுப் பந்தயம் ஓட்ட வேண்டும் என்ற வெறி வந்தது. சுற்றுகளைக் குறைத்து ஓட்டலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். 60 சுற்று, உச்ச கடினம், ஃப்ளாஷ்பேக் அணைப்பு, கார் எச்.ஆர்.டி., ஓட்டுநர் நரேன்.

அப்பா வத்தலக்குண்டு வழியில் தனியார் பஸ் ஓட்டியவர். முப்பது வருஷம் செம்பட்டி வழியாகப் போய் வந்த கை. ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். தூக்கம் வராத இரவுகளில் மாடிக்கு வந்து பின்னால் நிற்பார். முதல் தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏப்பா, எதுக்க ஒரு வண்டியும் வராதா?"

"வராதுப்பா. எல்லாரும் ஒரே பக்கம்தான் போறது."

"அப்ப இதுல என்ன ஓட்டு?"

கீழே போய்விட்டார். ஃபார்முலா ஒன்னைப் பற்றி இதற்கு மேல் கடுமையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம்கூட ஃபார்முலா ஒன்னை விளையாட்டு என்று ஏற்காமல் கேளிக்கை என்றுதான் வைத்தது. அதுவும் சுங்க வரிக்காகத்தான். கேளிக்கை வரி வழக்கோ உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. மூன்று பந்தயங்களோடு, 2013 அக்டோபரில், இந்தியப் பந்தயம் நின்றேபோய்விட்டது. மூன்றிலும் வெட்டலே ஜெயித்தார். பாதைக்காக நிலம் கொடுத்தவர்களின் கதையை அந்த விளையாட்டிலோ இந்தக் கட்டுரையிலோ தேட வேண்டாம். அதை எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு.

இன்னொரு இரவு அப்பா நீலக்கொடி பார்த்தார். நான் நேர்ப்பாதையின் முடிவில் இடப்பக்கம் ஒதுங்கி ஃபெராரிக்கு வழிவிட்டு, உடனே வளைவுக்குள் வர்ஜின் காரை மறித்துக்கொண்டேன்.

"பரவால்ல, வழிவிடத் தெரிஞ்சிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடியப் பாத்துட்டே ஓட்டாத. பின்னாடி வர்றவன் வந்துருவான். முன்னாடிதான் நீ பாக்கணும்."

ஏழெட்டு முயற்சிகள் மின்சாரத்தில் போயின. ஒன்று 12ஆம் சுற்றில், ஒன்று 31இல், இன்னொன்று தொடங்கும் முன்பே. ஐப்பசி மழையில் ஒரு இரவு, எந்தப் புண்ணியமோ தெரியவில்லை, பதினொன்றரைக்கு வந்த மின்சாரம் போகவில்லை. 40 சுற்று கடந்தது. 50 கடந்தது. இரண்டு கார்கள் பழுதாகி நின்றிருந்தன. நான் 19ஆம் இடத்தில் இருந்தேன். பின்னால் க்ளாக்கின் வர்ஜின், ஒரு விநாடி தூரத்தில். பின்டயர் தேய்ந்து வழுக்கியது. வலது கையின் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. முதலாவது யார், வெட்டல் எங்கே, ஒன்றும் எனக்குத் தெரியாது. வேண்டியதாகவும் இல்லை. பத்தாம் வளைவிலிருந்து பன்னிரண்டுவரை நீளும் அந்த வலப்புறத் திருப்பத்தில் காரை வெளியே விழாமல் பிடித்துவைப்பது மட்டும்தான் உலகம். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை.

57ஆம் சுற்றில் விளக்கு அணைந்தது. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. மூன்று சுற்று, ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வருஷமாக அடிவாங்கிய பேட்டரி அது. 58ஆம் சுற்றின் நேர்ப்பாதையில் திரை கறுத்தது.

மறைத்தேன் என்று சொன்னது இதைத்தான். இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏற்பட்டதை, வாடிவாசல் படித்து முடித்தபோது ஏற்பட்டதோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால் அது வேறு இனம் என்று சொல்லவும் முடியவில்லை. ஃப்ளாஷ்பேக் பொத்தானுக்கு அங்கே வேலை இல்லை. அந்த 57 சுற்றுகள் எங்குமே பதிவாகவில்லை. விளையாட்டைப் பொறுத்தவரை அவை நடக்கவே இல்லை. நடந்தது என்பதற்கு நானும் அப்பாவும்தான் சாட்சி. இந்த அனுபவத்தின் பெருமை விளையாட்டுக்குச் சேருமா? சேராது என்பதே என் முதல் பதில். இங்கிலாந்தில் அதைச் செய்தவர்கள் திண்டுக்கல்லின் மின்வெட்டை எழுதிவைக்கவில்லை. வெளியிலிருந்து நாய் வந்து நுழைந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது. அந்தக் காரை அவர்கள் அத்தனை நேர்மையாக மெதுவாக வைத்திராவிட்டால், காயும் தடத்தையும் தேயும் டயரையும் அவ்வளவு அக்கறையோடு செய்திராவிட்டால், 58ஆம் சுற்றில் அணைந்தது வெறும் மின்சாரமாக இருந்திருக்கும். தொடர்கதை படிக்கும்போது விளக்கு அணைந்தால் எனக்குக் கோபம் வரும், இப்படி வராது. என் பழைய வாக்கியத்தின் முதல் பாதியை வைத்துக்கொள்கிறேன். திருப்ப இடம் தரும் வடிவம் துயரத்தை அறியாது. ஆனால் இந்த விளையாட்டு அந்த வடிவம்தானா, அல்லது அந்தப் பொத்தானை அதன்மேல் பின்னால் ஒட்டினார்களா என்ற கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. பொத்தானை அணைத்தபின் மிஞ்சியது என் கையில் இருந்தும், எழுதும்போது பொத்தானை மட்டுமே பார்த்தேன்.

பின்னால் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அறுபது சுற்றும் ஓட்டி முடித்தேன், 20ஆம் இடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தீபாவளி மலர்போல வருஷம் ஒரு பதிப்பு வந்துகொண்டிருந்தது. எச்.ஆர்.டி. அணி 2012 முடிவில் மூடப்பட்டது. 2013 பதிப்பில் அது இல்லை. 2014 பதிப்பிலிருந்து புத்தா பாதையும் இல்லை. நரேனுக்குப் பிறகு ஃபார்முலா ஒன்னில் இந்தியர் எவரும் ஓட்டவில்லை. என் பழைய தட்டில் மட்டும் புத்தாவின் பார்வையாளர் மேடைகள் நிரம்பி வழிகின்றன. நரேன் 24 பேரில் ஒருவராக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நிஜத்தில் அந்த முதல் இந்தியப் பந்தயத்துக்கு அவரை மறுபடி கூப்பிட்டார்கள். 17ஆவதாக வந்தார், தன் இருக்கையைப் பிடித்த ரிக்கியார்டோவுக்கு ஒரு இடம் முன்னால்.

அந்த இரவுக்கு மறுநாள் காலை, வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இருட்டியதும் அப்பா கீழே இறங்கிப் படுத்துவிட்டார். கரெண்ட் வந்து நான் மறுபடி உட்கார்ந்து முடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்போல. செருப்பை மாட்டும்போது கேட்டார்:

"ராத்திரி எத்தனாவதா வந்த?"

"பதினேழு" என்றேன்.